வைபவமாலையும் வீழ்ச்சியின் காரணமும்: நல்லூர் அரசின் முடிவு பற்றிய ஒரு மறுநோக்கு

பேரரசுகள் ஏன் தளர்ந்து வீழ்கின்றன என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சமுதாயமும் தனக்கு ஏற்புடையதொரு விடையைத் தேடிக்கொள்கின்றது. உரோமப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த எட்வேட் கிப்பன் தமது நூலின் முதற் றொகுதியை 1776இல் வெளியிட்டார். அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர், 1377இல், வட ஆபிரிக்காவிலிருந்து எழுதிய இப்னு கல்தூன், ஆளும் குழுவினரிடையே நிலவும் பிணைப்பு எவ்வாறு தலைமுறைதோறும் தேய்ந்து அரசின் ஆயுளை முடிக்கின்றது என விளக்கினார். கிப்பனுக்கு ஏறத்தாழ நாற்பதாண்டு முற்பட, 1736 அளவில், மாதகலைச் சேர்ந்த மயில்வாகனப் புலவர் நல்லூர் அரசின் முடிவுக்குக் காரணங் கூறும் நூலொன்றை உரைநடையில் இயற்றினார். அதுவே 'யாழ்ப்பாண வைபவமாலை'. முதலிருவரின் விடைகளும் உலகெங்கும் விவாதிக்கப்பட்டுள்ளன. புலவரது விடையை நாம் பெரும்பாலும் விவாதிக்காமலே நம்பி வந்திருக்கின்றோம். அந்நூலின் காலவரையறைத் தவறுகளை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின் வீழ்ச்சி பற்றி அது கொண்டுள்ள கருத்து, தவறுகள் திருத்தப்பட்ட பின்னரும், எமது நாடகங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் பாடநூல்களிலும் மாறாது நிலைத்திருக்கின்றது. அக்கருத்தை ஒரு நூலாசிரியனின் கருத்தாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்லூரைப் பேரரசு எனல் பொருந்துமா என ஒருவர் கேட்கலாம். பொருந்தாது. சோழரும் விசயநகரத்தாரும் ஆண்ட நிலப்பரப்போடு ஒப்பிட்டால் அது ஒரு சிற்றரசே. எனினும் 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் கப்பல்கள் நூறளவில் மாபார்க் கரையில் நிற்கக் கண்டதாக எழுதுகின்றார். பரப்பாற் சிறிய அவ்வரசு கடலாற் பெரியதாயிருந்தது என்பது இக்குறிப்பிலிருந்து தெளிவாகின்றது. அன்றியும், யாழ்ப்பாணக் குடாநாடு வேறொரு வகையில் எமது வினாவுக்கு உகந்த களம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆதிக்கங்கள் இம்மண்ணில் முடிவெய்தின. 1619இல் நல்லூர் அரசு வீழ்ந்தது. 1658 யூனில், மூன்று மாத முற்றுகையின் பின், போர்த்துக்கேயர் தமது கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தனர். 1795 செப்தெம்பரில் ஒல்லாந்தர் அதனைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்தனர். போர்த்துக்கேயரதும் ஒல்லாந்தரதும் ஐயத்துக்கிடமின்றிப் பேரரசுகளே. ஒரே நிலத்தில் மூன்று வீழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு எல்லா நாட்டு ஆய்வாளர்க்கும் கிட்டுவதன்று.

இனி நூலுக்கு வருவோம். வைபவமாலை மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கு இணங்க எழுதப்பட்டது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியன அதற்கு மூலங்களெனக் கூறப்படுகின்றன. இந்நூல் காட்டும் வீழ்ச்சிக் கதை மூன்று படிகளை உடையது. முதலாவது, பரராசசேகரனுக்குச் சுபதிட்ட முனிவர் கூறும் எதிர்காலம். நாடு பறங்கியர் கைக்கும் பின்னர் உலாந்தேசர் கைக்கும் போகும் என்பது முன்னரே விதிக்கப்பட்டதாகின்றது. இரண்டாவது, சங்கிலியின் கொடுமை. உடன்பிறந்தாரை வஞ்சித்து அரசு கவர்ந்தவன் அவன். மூன்றாவது, காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பு. விதி, அரசனின் குணக்கேடு, ஒருவனது துரோகம் என்னும் இம்மூன்றும் சேர்ந்து ஓர் அரசை முடித்துவைக்கின்றன.

இவ்வமைப்பு புலவரது கற்பனையில் மட்டும் தோன்றியதன்று. மன்னன் நீதி தவறின் நகர் அழியும் என்பது சிலப்பதிகாரக் காலந்தொட்டுத் தமிழிலக்கியம் போற்றிய நம்பிக்கை. முனிவர் வாக்கும் சாபமும் தலபுராணங்களின் பொதுச்சொத்து. அறக்கேடே அரசின் கேடு என்னும் இந்நோக்கில் ஒரு சிறப்பும் உண்டு. அரசனும் தீர்ப்புக்கு உட்பட்டவன் என அது கொள்கின்றது. அதனை வெறும் மூடநம்பிக்கையெனத் தள்ளிவிடுவது எமக்கு உடன்பாடன்று. ஆயின் காரணத்தைத் தனிமனிதனது நெஞ்சுக்குள் வைக்கும் எந்த விளக்கமும் காலத்தைப் பொருட்படுத்துவதில்லை. வைபவமாலையின் பெருந்தவறு எழுவது இவ்விடத்திலேயே.

நூலில் வரும் சங்கிலி ஒருவன். வரலாற்றிலோ அப்பெயரினர் இருவர். 1519 தொடக்கம் ஆண்டு, 1544இல் மன்னாரில் மதம் மாறியோரைக் கொல்வித்து, போர்த்துக்கேயரோடு நெடுங்காலம் பொருதவன் முதலாம் சங்கிலி. 1619இல் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கு மரணதண்டனைக்குள்ளானவன் சங்கிலி குமாரன். இருவரையும் நூல் ஒருவராக்கிவிட்டது. சுவாமி ஞானப்பிரகாசர் தமது 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'த்தில் போர்த்துக்கேய ஆதாரங்களைக் கொண்டு வைபவமாலையின் குழப்பங்களை 1928இலேயே ஆராய்ந்தார். அன்று முதல் இருவரது பெயர்களும் பிரித்துணரப்பட்டு வருகின்றன. இதனை நாம் பெயர்க்குழப்பம் எனக் கூறி அப்பாற் செல்வது வழக்கம். அது போதாது. இருவரும் ஒருவராகும்போது இடையிலிருந்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் மறைந்துபோகின்றது. நல்லூர் அரசு உண்மையில் வீழ்ந்துகொண்டிருந்தது அந்த மறைந்த காலத்திலேயே. நிகழ்வு எஞ்சிற்று, நிகழ்முறை அழிந்தது. நிகழ்முறை இல்லாதவிடத்து வீழ்ச்சிக்கு ஒரு காட்டிக்கொடுப்போன் இன்றியமையாதவனாகின்றான்.

மறைந்துபோன அவ்வாண்டுகளில் நிகழ்ந்தது என்ன? 1560இல் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகான்சா பெரும் படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். ஆனால் அங்கு நிலைகொள்ள இயலவில்லை. நாட்டவர் கிளர்ந்தெழவே பின்வாங்கினான். பின்வாங்கியவன் மன்னாரை விடவில்லை. தலைநகரை மீட்டதால் நல்லூர் தன்னை வெற்றிபெற்றதாகக் கருதியிருக்கலாம். ஆயின் மன்னாரோடு முத்துக்குளிப்பும், பாக்குநீரிணையின் தென்வாயிலும், இந்தியக் கரையோடு இருந்த தொடர்பின் பெரும்பகுதியும் கைநழுவின. யாழ்ப்பாண அரசுக்கு நெல்வருவாய் என்றும் பெரிதாயிருந்ததில்லை. ஆறில்லாத சுண்ணக்கல் நிலம். கிணற்று நீரும் மாரி மழையும் பனையும் கொண்டு குடிகள் உயிர்வாழலாம், ஆனால் படையும் அரண்மனையும் நிலைபெறுவதற்கு வேறு செல்வம் வேண்டும். அச்செல்வம் வன்னிக் காட்டு யானையிலிருந்தும் மன்னார்க் கடலின் முத்திலிருந்தும் சங்கிலிருந்தும் துறைமுக வரியிலிருந்தும் வந்தது. ஊர்காவற்றுறைக்கு ஐரோப்பியர் வழங்கிய கயிற்ஸ் என்னும் பெயரே துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது. யானைகள் கப்பலேறிய துறை அது. கடலிற் பிறந்த வருவாயைக் கொண்டு நின்ற அரசுக்கு, கடலை இழந்தபின் தரை மட்டும் எஞ்சியது.

இக்காலத்தில் அக்கரையிலும் நிலைமை மாறிற்று. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் முறிந்தது. அவ்வீழ்ச்சிக்கும் மரபுக்கதை சில தளபதிகளின் காட்டிக்கொடுப்பையே காரணமாகக் கூறுகின்றது என்பது கருதத்தக்கது. தென்னகத்துப் பேராதிக்கம் ஒன்று இருந்தவரை, அதன் நிழலிற் சிற்றரசுகள் இருதலைப்பட்டு உயிர்தப்பலாம். அது நாயக்கர் ஆட்சிகளாகச் சிதறியபின் நல்லூருக்கு எஞ்சிய புகலிடம் தஞ்சாவூர் ஒன்றே.

1591இல் அந்திரே பூர்த்தாடோ த மென்டொன்சாவின் படையெடுப்பு வந்தது. அரசன் கொல்லப்பட்டான், எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரால் அரசுகட்டில் ஏற்றப்பட்டான். திறை செலுத்தும் அரசன் அவன். எனினும் தென்னிந்தியாவிலிருந்து கண்டிக்குச் சென்ற படைவீரரும் பொருள்களும் தன் நாட்டினூடாகச் செல்ல அவன் இடமளித்தான் எனப் போர்த்துக்கேயர் ஓயாது குற்றஞ்சாட்டினர். இந்த அரசனை நாம் வீரன் என்பதா, கைப்பாவை என்பதா? எமது நாடகாசிரியர்கள் அவனைக் கைவிட்டு இரு சங்கிலிகளையே நாடிச் சென்றமைக்குக் காரணம் அவனது தெளிவற்ற நிலையே எனத் தோன்றுகின்றது. ஆயின் வீழும் அரசுகளின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு எதிர்மன்னசிங்கனின் ஆட்சியே மிகுந்த பயன்தருவது. முடியும் கொடியும் இருக்க, வருவாயும் கடலும் போரிடும் உரிமையும் அற்றுப்போன அரசு ஒன்று கால் நூற்றாண்டளவு நின்று நிலவியது. 1619இல் பிலிப்பே த ஒலிவேரா பூநகரி வழியாக வந்தபோது அழித்தது அந்த எச்சத்தையே.

அந்த இறுதி நாட்களின் இன்னொரு செய்தி துரோகக் கொள்கையை மேலும் நெகிழச் செய்கின்றது. 1618இல் சங்கிலி குமாரனுக்கு எதிராகக் கத்தோலிக்கர் முன்னின்ற கிளர்ச்சியொன்று எழுந்தது. அவன் தஞ்சை நாயக்கனின் துணையை நாடினான். வந்த படை அவனை மீண்டும் அமர்த்தியது. அக்கிளர்ச்சியோடு தொடர்புடையவராகக் கூறப்படும் மிகப்பிள்ளை ஆராச்சி, அரசு வீழ்ந்தபின், தஞ்சைப் படையின் துணைகொண்டு போர்த்துக்கேயரையே எதிர்த்தெழுந்தார். கத்தோலிக்கர், அரசனை எதிர்த்தவர், அந்நியரையும் எதிர்த்தவர். காக்கை வன்னியனுக்கென வகுக்கப்பட்ட அறையில் இவரை இருத்த இயலாது. வீரர் வரிசையிலும் இவரை எவரும் சேர்த்திலர். துரோகி, தியாகி என்னும் இரு பெட்டிகளோடு வரலாற்றை அணுகுவோர் இத்தகையோரைக் காணாது விடுவதே இயல்பு.

நவீன ஆய்வாளர் இவ்விடயத்தில் எவ்வளவு தூரம் சென்றனர்? முதலியார் செ. இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்திலும் 1933இல் தமிழிலும் எழுதியவை செய்திச் செறிவில் இன்றும் பயன்படுவன; ஆயின் பழம்பெருமையை நிலைநாட்டுவதிலேயே அவரது ஆர்வம் மிகுதி. கலாநிதி கா. இந்திரபாலாவும் பேராசிரியர் சி. பத்மநாதனும் கல்வெட்டையும் நாணயத்தையும் அந்நிய ஆவணங்களையும் ஒருங்குவைத்து, அரசின் தோற்றம், அமைப்பு, வருவாய் ஆகியவற்றை அறிவியல் நெறியில் நிறுவினர். 1978இல் வெளிவந்த பத்மநாதனின் நூலும் 1986இல் வெளிவந்த திக்கிரி அபயசிங்கவின் போர்த்துக்கேயர்கால ஆய்வும் இல்லையெனின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. குறையொன்றை எமது முற்போக்கு அணியினரிடத்தும் கூறவேண்டியுள்ளது. பொருளியல் அடித்தளம் பற்றிப் பேசியோர் நாமே. எனினும் ஐரோப்பிய நிலமானிய முறையை நல்லூருக்கும் பொருத்தி, நிலப்பிரபுத்துவ அரசு முதலாளித்துவ அரசின் முன் வீழ்ந்தது என ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டோர் எம்மிற் பலர். போர்த்துக்கல் அன்று முதலாளித்துவ நாடா? நாற்பதாண்டு கழியுமுன் அதே கோட்டையில் அந்நாடும் வீழ்ந்ததே, அதற்கு யாது விளக்கம்? சூத்திரம் விதியின் இடத்தில் அமர்ந்துகொண்டால் சுபதிட்ட முனிவரின் வாக்கிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

போர்த்துக்கேயரின் வீழ்ச்சிக்கு எவரும் ஒரு காக்கை வன்னியனைத் தேடியதில்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பானிய முடிக்கு உட்பட்டு, அதன் பகைவரையும் தமது பகைவராக்கிக்கொண்டனர். 1622இல் ஓர்முசையும், 1641இல் மலாக்காவையும், 1656இல் கொழும்பையும் இழந்தனர். யாழ்ப்பாணம் அவ்வரிசையில் ஒன்று. இவ்வாறு அமைதியாக விளக்குகின்றோம். 1795இன் கதை இன்னும் வியப்பானது. யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோண உள்ளரண் 1680இலும் வெளியரண்கள் 1792இலும் நிறைவெய்தின. முற்றுப்பெற்று மூன்றே ஆண்டில் கோட்டை குறிப்பிடத்தக்க எதிர்ப்பின்றிக் கைமாறிற்று. கடன்சுமையில் மூழ்கிய ஒல்லாந்தக் கும்பனி 1799இன் முடிவோடு கலைக்கப்பட்டது. கொழும்பில் அவர்களுக்குத் துணைநின்ற சுவிற்சர்லாந்துக் கூலிப்படையாகிய டி மியூரோன் படையணி, அதன் உரிமையாளர் பிரித்தானியரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் எதிர்ப்பக்கம் சென்றது. அதனை எவரும் துரோகம் என எழுதுவதில்லை. ஒப்பந்தம் என்றே எழுதுகின்றனர். பிறரது வீழ்ச்சிக்குக் கணக்கேட்டைப் புரட்டுகின்றோம். எமது வீழ்ச்சிக்கு ஆளைத் தேடுகின்றோம்.

நாட்டார் அரங்கும் இம்மனப்பாங்கையே வளர்த்தது. 1658இல், ஒல்லாந்தர் கோட்டையைக் கைக்கொண்ட சில மாதங்களுள், அவர்களுக்கெதிரான சதியொன்று வெளிப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர். அக்காலம் இங்கு போதகராயிருந்த பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் இதனைக் காணலாம். பூதத்தம்பி கூத்திலோ இந்த அரசியல் நிகழ்ச்சி ஒரு பெண்மேற் கொண்ட ஆசையும் பழிவாங்கலுமாக உருமாறிவிடுகின்றது. அந்திராசியின் காமமும் பொய்க்குற்றச்சாட்டும் பூதத்தம்பியைப் பலிகொள்கின்றன. கூத்தின் சுவையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. விடியவிடிய அதனைப் பார்த்துக் கண்ணீர்விட்ட தலைமுறைகள் இங்குண்டு. ஆயினும் அந்நிய ஆட்சிக்கெதிரான ஒரு முயற்சி மக்கள் நினைவில் குடும்பப் பழியாக எஞ்சியது இழப்பேயாகும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1956இல் 'சங்கிலி' நாடகத்தை வெளியிட்டபோது மன்னனைக் கொடியோன் நிலையிலிருந்து மீட்டு வீரனாக்கினார். அது தேவையான திருத்தமே. ஆயின் மன்னன் உயர்ந்தபோதும் விளக்கம் மாறவில்லை. கொடிய சங்கிலி வீரச் சங்கிலியானதும் காட்டிக்கொடுப்போன் மேலும் கரியவனானான்.

இனி, வைபவமாலை யாருக்கு வசதியானது எனக் கேட்கவேண்டும். புலவரைக் கைக்கூலி எனக் கூறுவது எமது கருத்தன்று. எனினும் ஒல்லாந்த அதிகாரி கேட்க, உள்ளூர்ச் செல்வாக்குடையோர் மத்தியில் வாழ்ந்து எழுதிய ஒருவர், எவற்றைக் கூறாது விடுவார் என்பது எண்ணத்தக்கது. நல்லூரின் கீழ் வரி தண்டிய முதலிமாரின் வழியினரும் அவரொத்தோரும் போர்த்துக்கேயரின் கீழ் 'தொன்' பட்டத்தோடும் ஒல்லாந்தரின் கீழ் மீண்டும் முதலியாராகவும் பணிபுரிந்தனர். தோம்புகளிற் காணி பதிந்துகொண்டோரும் அவர்களே. அரசு மாறியபோது ஒரு வகுப்பே தன் சேவையை மாற்றிக்கொண்டது. அதனைத் துரோகம் என்னும் அறச்சொல்லால் அழைப்பதினும் நலன் என அழைப்பதே தகும். ஆனால் கதையில் அவ்வகுப்பு இல்லை. காக்கை வன்னியன் இருக்கின்றான். ஒருவன் தலையிற் பழி முழுவதும் ஏறியதால் ஏனையோர் விடுவிக்கப்பட்டனர்.

இக்கருத்துக்குச் சான்று அதே காலத்தின் மற்றோர் ஆவணத்தில் உண்டு. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி நாட்டு வழமைகளைத் திரட்டித் தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டுச் சரியென உறுதிசெய்தனர். சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஈடு, ஒற்றி ஆகியவற்றோடு அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் பிரமாணத்தால் அத்தொகுப்புக்கு முழுச் சட்டவலு அளித்தனர். அடிமை முறை இலங்கையில் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயே. நல்லூர் வீழ்ந்தது, போர்த்துக்கல் வீழ்ந்தது, ஒல்லாந்து வீழ்ந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கோவியர், நளவர், பள்ளர் எனப் பெயரிடப்பட்டோர் மீதிருந்த பிடி வீழவில்லை. வயலில் நின்றவனுக்கு 1619 எத்தகைய வீழ்ச்சி? அவன் வாழ்வில் மாறியது யாது? வரிச்சுமை கூடியிருக்கலாம், கோயில் இடிந்திருக்கலாம். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது அவனுக்கும் நொந்திருக்கும், அக்கோயிலின் உள்வீதி அவனுக்குத் திறந்திருந்ததா என்னும் வினா ஒருபுறமிருக்க. தான் காக்க எதுவுமில்லாத அரசுக்காக மக்கள் எவ்வளவு காலம் போரிடுவர் என்பதை இப்னு கல்தூன் கேட்டிருப்பார்; புலவர் கேட்கவில்லை.

கண்டி 1815 வரை நின்றதைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டுவர். மலையும் காடும் அங்கு கடலின் இடத்தை நிரப்பின என்பது உண்மை. ஆயின் அங்கும் முடிவைக் கொணர்ந்தது பிரதானிகள் அரசனிடமிருந்து விலகியமையே. அங்கும் பொதுக்கதை மன்னனின் கொடுமையையே பேசுகின்றது.

இவ்விவாதம் ஏட்டோடு நிற்பதாயின் இத்துணை வற்புறுத்த வேண்டியதில்லை. 1974இல் நல்லூர் முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலை எழுந்தது. அதனைத் தொடர்ந்த பதிற்றாண்டுகளில் காக்கை வன்னியன் என்னும் பெயர் வரலாற்றிலிருந்து இறங்கி அன்றாட வசையாயிற்று. துரோகி என்னும் சொல் விசாரணையும் சான்றும் வேண்டாத தீர்ப்பாயிற்று. பலருக்கு அதுவே தண்டனையுமாயிற்று. ஆசிரியரும் அரசியலாளரும் எழுத்தாளரும் அச்சொல்லின்கீழ் மாண்டனர். 2009இன் பேரழிவுக்குப் பின்னரும் மேடைகளில் முதலில் எழுந்த வினா, காட்டிக்கொடுத்தது யார் என்பதே. கடல் யாரிடம் இருந்தது, உலக நாடுகளின் நலன்கள் எவ்வாறு திரும்பின, மக்களின் எந்தப் பகுதியினர் எப்போது, ஏன் விலகினர் என்னும் வினாக்கள் பின்வரிசையிலேயே நின்றன. முதற் சங்கிலிக்கும் இரண்டாம் சங்கிலிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை வைபவமாலை விழுங்கியது போலவே அண்மைக் காலத்தின் ஆண்டுகளும் விழுங்கப்படும் அபாயம் உண்டு.

வைபவமாலையை ஒதுக்கவேண்டும் என்பது எமது முடிபன்று. சி. பிரிற்றோ 1879இல் ஆங்கிலத்தில் பெயர்த்த நாள்முதல், முதலியார் குல. சபாநாதன் 1949இல் குறிப்புகளோடு பதிப்பித்தது வரை, அதனைப் பேணியோரின் உழைப்பு பெரிது. எம் மாணவர் அதனைத் தனித்துப் படியாது, அதற்கு இருபத்தொன்பது ஆண்டு முற்பட்ட தேசவழமையோடு அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். இரண்டும் ஒல்லாந்தர் கேட்க எழுந்தவை. இரண்டும் ஒரே சூழலில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. அரசன் எவ்வாறு வீழ்ந்தான் என்பதை ஒன்று கூறுகின்றது. நிலமும் கிணறும் பனையும் ஆளும் எவருக்குச் சேரும் என்பதை மற்றது கூறுகின்றது.